பதினொரு வாரத் தண்ணீர்

அத்தியாயம் 9

வக்கீல் அலுவலகத்துப் பெண் திங்கட்கிழமை போனில் சொன்னதை அம்மா மூன்று நாளாக மென்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அதற்குள் ஆதாரம் போய்ச் சேராவிட்டால் என் தம்பி வெண்டலின் நஷ்டஈட்டு மனுவை எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள். மரீன் படை முகாமுக்குள் குறைந்தது முப்பது நாள் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். அப்போது வெண்டல் அம்மாவின் வயிற்றில் இருந்தான். வயிற்றுப் பிள்ளைக்கும் சட்டத்தில் இடமுண்டாம். ஆனால் அந்த வயிறு முகாமுக்குள்தான் இருந்தது என்பதற்கு ஒரு காகிதம் வேண்டுமாம்.

காகிதத்துக்கு எங்கே போவது? 1971 கோடையில் அந்த வீட்டில் நாங்கள் இருந்த சுவடே தெரியக்கூடாது என்று பாடுபட்டவர்கள் நாங்களேதான்.

ஆரம்பத்திலிருந்து கூட வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த நிறுத்தத்தில் ஏறியவர்களுக்காக நாலு வரி. லினெட் ஹார்கெட் ஆகிய நான் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். யாரையும் விட்டுவிட்டுப் போய்ப் பழக்கமில்லை. அப்பா மரீன் படையில் சார்ஜெண்ட். 71 மே மாதம் அவரை கடல்கடந்து ஒகினாவா தீவுக்கு அனுப்பினார்கள். முகாமுக்குள் வீடு கேட்டுக் காத்திருந்தவர்களின் வரிசை நீளம். அப்பாவின் சிநேகிதர் ரோய்ஸின் மனைவி ஆர்டித், வீடு கிடைக்கிறவரைக்கும் என்னோடு வந்து இரு என்று கர்ப்பிணியான அம்மாவையும் மூன்று வயதான என்னையும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். விருந்தாளிகள் பதினான்கு நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது முகாம் சட்டம். நாங்கள் பதினொரு வாரம் தங்கினோம்.

அந்த வருடங்களில் முகாமின் கிணறுகளில் துணி வெளுக்கிற மருந்தும் இயந்திரப் பிசுக்கு கழுவுகிற மருந்தும் கலந்திருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. வெண்டலுக்கு ஒரு சிறுநீரகம் புற்றுநோயில் போனது. மற்றது வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். வியாழக்கிழமை அவனுக்கு விடுமுறை மாதிரி. அதனால்தான் வியாழக்கிழமை புறப்பட்டோம்.

ஆர்டித்திடம்தான். எங்களை அந்த வீட்டில் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்தி. ஆனால் அந்த வருடக் கிறிஸ்துமஸிலிருந்து அம்மாவோடு அவளுக்குப் பேச்சில்லை. அம்மா அனுப்பிய வாழ்த்து அட்டைகள் மூன்று வருடம் பிரிக்காமலே திரும்பி வந்தன. ஏனென்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. போன மாதம் ரோய்ஸ் காலமான செய்தி பேப்பரில் வந்ததில்தான் ஆர்டித்தின் ஊர் தெரிந்தது. அம்மா போன் செய்தாள்.

"வர்றதுன்னா வா" என்றாள் ஆர்டித். "எலுமிச்சை கேக் மட்டும் எடுத்துட்டு வராத."

அந்தக் கோடையில் அவளுக்குச் சுட்டுக் கொடுத்த அதே எலுமிச்சை கேக்கைத்தான் அம்மா புதன்கிழமை முழுவதும் செய்தாள்.

*

நியூ பெர்னிலிருந்து ஸ்வான்ஸ்பரோவுக்கு ஒரு மணி நேரப் பயணம். நான் ஓட்ட, வெண்டல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மா பின்னால் கேக்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வெண்டலுக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணீர்தான் அனுமதி. தாகம் எடுத்தால் சின்னப் பிளாஸ்கிலிருந்து ஒரு ஐஸ் கட்டி எடுத்து வாயில் ஒதுக்கிக்கொள்வான். ஐம்பத்திரண்டு வயது ஆள், கன்னத்தில் மிட்டாயோடு பள்ளிக்கூடம் போகிறவன் மாதிரி இருந்தான்.

மனுவில் ஒரு கேள்வி இருந்தது. நாளொன்றுக்கு எத்தனை குவளை நீர் அருந்தினீர்கள் என்று. அம்மாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து கோபம். எழுபத்தேழு வயதில் எவளோ ஒருத்தி போனில் கூப்பிட்டு, 71-இல் எத்தனை டம்ளர் குடித்தாய் என்று கேட்டால், நான் என்ன அடுக்களைச் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தேனா என்று வழியெல்லாம் பொரிந்துகொண்டே வந்தாள். பொரிந்து முடித்ததும் தானாகவே அந்தக் கோடைக்குள் போய்விட்டாள்.

காலையில் எழுந்ததும் ஆர்டித் பெரிய கண்ணாடி ஜாடியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, தேயிலைப் பைகளைத் தொங்கவிட்டு, வாசற்படி வெயிலில் வைத்துவிடுவாளாம். மத்தியானத்துக்குள் அது வெயிலிலேயே இறங்கிக் கறுத்துவிடும். அந்தத் தேநீருக்குத் தெருவில் பாதிப் பேர் டம்ளரோடு வருவார்களாம். சாயங்காலம் பிள்ளைகளை எல்லாம் துவைக்கிற தொட்டியில் இறக்கிவிட்டு, தோட்டத்துக் குழாயின் கீழே இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தலை அலசிவிடுவார்களாம். சிவப்புச் சர்பத் பொடி கலக்கி, ஐஸ் தட்டில் ஊற்றி, குச்சி செருகி வைத்தது கூட அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது.

"அந்த மாதிரி நான் என் வாழ்க்கையிலேயே சிரிச்சதில்ல" என்றவள், சட்டென்று நிறுத்திவிட்டாள்.

அவள் சொன்ன எல்லாவற்றிலும் தண்ணீர் இருந்தது. அது அவள் காதிலேயே விழுந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஒருத்தியின் இருபத்துநாலு வயதை இப்படி ஒரு படிவத்தில் போட்டு நாசம் பண்ணியிருக்க வேண்டாம்.

எனக்கும் அந்தக் கோடையில் ஒன்றே ஒன்று ஞாபகம் இருக்கிறது. வீடுகளைச் சோதிக்கிற அதிகாரியின் சாம்பல் நிறக் கார் தெருமுனையில் திரும்பியதும், முதல் வீட்டுக்காரி சிவப்புத் தரைவிரிப்பைக் கைப்பிடிச் சுவரில் போட்டு அடிப்பாள். அதுதான் சைகை. உடனே என் செருப்பு, என் பொம்மை, அம்மாவின் பெட்டி எல்லாம் மாயமாகும். நானும் அம்மாவும் துணி அலமாரிக்குள் போய்விடுவோம். என் கையில் ஒரு கிண்ணம் ஐஸ் இருக்கும். வாயில் ஐஸ் இருந்தால் நான் பேசமாட்டேன் என்று ஆர்டித் கண்டுபிடித்திருந்தாள். எத்தனை கிண்ணம் தின்றேனோ தெரியாது. வருடா வருடம் ரத்தம் சோதித்துக்கொள்கிறேன். இதுவரை ஒன்றுமில்லை.

ஸ்வான்ஸ்பரோ பாலம் தாண்டும்போது அம்மா எங்கள் இருவருக்கும் ஒரு எச்சரிக்கை கொடுத்தாள். குழந்தை குட்டி என்று பேச்சை எடுக்கக்கூடாது. அந்த வீட்டில் இருந்த நாலு வருடத்தில் ஆர்டித்துக்கு மூன்று கலைந்தது. மூன்றாவது அந்தக் கோடையின் ஜூலையில். அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூல் மேல் ஏறித் திரைச்சீலை மாட்டியதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். அதற்குப் பிறகு அவளுக்கு வயிற்றில் எதுவும் நிற்கவில்லை.

*

ஆர்டித் கதவைத் திறந்து நின்றாள். எண்பது வயதுக்கு நல்ல உயரம், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி. அம்மாவைப் பார்க்கவில்லை. கேக்கைப் பார்த்தாள்.

"சொன்னேன்ல."

"காதுல விழுந்துச்சு" என்றாள் அம்மா. "விழுந்தப்புறம்தான் மாவு சலிச்சேன்."

ஆர்டித்தின் பார்வை வெண்டல்மீது போனது. அவன் கையில் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்திருந்த இடத்தில் நின்றது. இவனா என்று கேட்டாள். இவன்தான் என்றாள் அம்மா. அதன் பிறகுதான் கதவு முழுதாகத் திறந்தது.

துடைத்து வைத்த வீடு. மேஜையில் ரோய்ஸின் இறுதிச் சடங்கில் கொடுத்த கொடி முக்கோணமாக மடித்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. எங்கள் வீட்டிலும் அப்பாவுடையது அப்படித்தான் இருக்கிறது. உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அந்த வீட்டில் ஒரு ஜன்னலுக்கும் திரைச்சீலை இல்லை. ஆகஸ்ட் வெயில் அப்படியே உள்ளே விழுந்தது.

அவள் குளிர்ந்த தேநீர் கொண்டுவந்தாள். வெண்டல் டம்ளரில் விரல் வைத்துக் காட்டி, இவ்வளவு போதும் என்று சொன்னான். நான் சாட்சிப் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். எங்கள் குடும்பம் ஹெரான் தெரு ஏழாம் எண் வீட்டில் முப்பது நாளுக்கு மேல் இருந்ததாக அவள் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நாளைக்கு வங்கியில் நோட்டரி முன்னால் போட்டால் சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடலாம்.

அவள் படிவத்தைத் தொடவில்லை. எழுந்து போய் அடுக்களை மேஜையின் கடைசி இழுப்பறையிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு பழுப்புப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"முதல்ல இதுக்குப் பதில் சொல்லு."

பெறுநர் இடத்தில் ஒகினாவாவில் இருந்த என் அப்பா லீலண்டின் பெயர். குறுக்கே சிவப்பு முத்திரை: இங்கு இல்லை, அனுப்பியவருக்கே திருப்பவும். மூலையில் அனுப்பியவரின் பெயர், என் அம்மாவின் உருண்டைக் கையெழுத்தில். நெல்டா ஹார்கெட், ஹெரான் தெரு 7.

அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அதைப் படித்தாள்.

மீதியை ஆர்டித் சொன்னாள். ஐம்பத்துமூன்று வருடம் மனதுக்குள் சொல்லிப் பழகியதால் எங்கேயும் தடுமாறவில்லை. அப்பா திடீரென்று முன்கூட்டியே ஊர் திரும்பி எங்களைக் கலிபோர்னியாவுக்குக் கூட்டிப்போய்விட்டார். செப்டம்பரில் இந்தப் பொட்டலம் திரும்பி வந்தது. ஏழாம் எண் வீட்டில் ஹார்கெட் என்று யாருமில்லையே என்று முகாம் தபால்காரர், அதை வீடு ஒதுக்குகிற அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்டுவிட்டார். ரோய்ஸுக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு போனது. பத்து நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

"எங்க வீட்ல யாரும் இல்லைன்னு நான் அந்த அதிகாரி மூஞ்சப் பாத்து சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றாள் ஆர்டித். "நீ உன் கையாலயே எழுதி அனுப்பியிருக்க. வேணும்னே செஞ்சியோ, திமிர்ல செஞ்சியோ, அது மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும்."

அம்மா விரலால் அந்த எழுத்துகளைத் தடவினாள்.

"எப்பவும் எங்கம்மா வீட்டு அட்ரஸ்தான் எழுதுவேன், ஆர்டித். அன்னிக்குக் கை தானா எழுதிடுச்சு. அதுதான் என் வீடுன்னு நெனச்சுட்டேன் போல."

ஆர்டித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெண்டல்தான், இத்தனை வருடமாக ஏன் பிரிக்கவே இல்லை என்று மெதுவாகக் கேட்டான்.

"அடுத்தவங்க தபாலப் பிரிக்கறது சட்டப்படி குத்தம்."

"ஆள ஒளிச்சு வெக்கறது மட்டும் குத்தம் இல்லீங்களா, மிஸ் ஆர்டித்?"

அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்படியே உங்கப்பன் வாய்" என்றாள்.

நான் பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். முகவரி கண்ணில் பட்டால் தேதி, தெரு, எண் எல்லாவற்றையும் பார்ப்பது என் தொழில் பழக்கம். அஞ்சல் முத்திரை கறுப்பாக, தெளிவாக இருந்தது. முகாம் தபால் நிலையம், 1971 ஆகஸ்ட் 12. எங்களைக் காட்டிக்கொடுத்த பொட்டலம்தான் இன்று எங்களுக்கு இருக்கிற ஒரே காகிதம். ஆனால் அது ஒரு நாளுக்குத்தான் சாட்சி சொல்லும். முப்பது நாள் வேண்டும்.

"உள்ள என்னம்மா இருக்கு?" என்றான் வெண்டல்.

கேசட் என்றாள் அம்மா. அப்போதெல்லாம் கணவன் வெளிநாட்டில் இருந்தால் கடிதத்துக்குப் பதில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அவர் கேட்டுவிட்டு, அதே நாடாவில் மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார். அப்படித்தான் அந்தக் கோடையின் பேச்செல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அழிந்துபோனது. அப்பாவின் கைக்குப் போகாததால் இது ஒன்று மட்டும் தப்பியிருந்தது.

ஆர்டித்திடம் தேவாலயப் பாட்டுக் கேட்கிற பழைய கேசட் பெட்டி இருந்தது. முத்திரையும் முகவரியும் கிழியாமல், பின்பக்கத்து மடிப்பை நான் காய்கறிக் கத்தியால் பிரித்தேன். வெண்டல் கேசட்டைப் போட்டான். முதலில் வெறும் இரைச்சல் வந்தது. பிறகு ஒரு இளம்பெண்ணின் குரல்.

"லீலண்ட், நான்தான். இன்னிக்கு ஆகஸ்ட் பதினொண்ணு. நாளையோட நாங்க ஆர்டித் வீட்டுக்கு வந்து பதினொரு வாரம். இன்னும் புடிபடல. லினெட்டு நல்லா ஒளியக் கத்துக்கிட்டா..."

அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் வெண்டலைப் பார்த்தேன். பதினொரு வாரம். சொந்தக் குரலில், தேதியோடு.

அடுத்த வாக்கியம் பாதியில் நின்றது. எங்கோ தூரத்தில் எக்காளம் ஊதியது. சாயங்காலம் கொடி இறக்கும்போது ஊதுகிற எக்காளம். அது கேட்டால் முகாமில் கார்கூட ஓடாது. தொட்டியில் ஆடுகிற பிள்ளைகள்கூட நனைந்த காலோடு கொடிப்பக்கம் திரும்பி நிற்கும். அடுக்களையில் இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். கேசட்டில் மனிதச் சத்தம் எதுவும் இல்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அசையக்கூடாது என்பதால் யாரும் அதை மூடவில்லை. ஜாடி நிரம்புவதும், நிரம்பி வழிவதும் தெளிவாகக் கேட்டது.

இந்தப் பக்கம் பார்த்தால், அம்மாவும் ஆர்டித்தும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். எப்போது எழுந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. வெண்டல் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நானும் எழுந்தேன். அந்தத் தண்ணீர் ஓடி முடிகிறவரை நாலு பேரும் நின்றோம்.

எக்காளம் ஓய்ந்தது. "ஐயோ, ஜாடி வழியுதுடி" என்று இன்னொரு இளங்குரல் கத்த, இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எண்பது வயது ஆர்டித் தன் சிரிப்பைத் தானே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"லீலண்ட், முக்கியமானத சொல்லல பாரு" என்றது அம்மாவின் குரல். "மத்தியானம் புள்ள அசைஞ்சான். பையன்தான், எனக்குத் தெரியும். ஜில்லுனு தண்ணி குடிச்சா அசையறான். இரு, இப்பக் குடிக்கறேன்."

மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம். ஒரு முழு டம்ளர். டம்ளரை வைக்கிற சத்தம்.

"ஆங். இதோ."

வெண்டல் பெட்டியை நிறுத்தினான். அம்மா அவனைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"நல்லா இருந்திருக்கும்மா" என்றான். "அதான் ஆடியிருக்கேன்."

*

வக்கீல் அலுவலகத்துக்கு நான் போன் செய்தேன். பொட்டலத்தையும் கேசட்டையும் எதுவும் செய்யாமல் அப்படியே கொண்டுவரச் சொன்னாள் அந்தப் பெண். கூட ஒரு சாட்சிக் கையெழுத்தும் இருந்தால் தைரியமாகத் தாக்கல் செய்யலாம் என்றாள்.

நான் திரும்பி வந்தபோது ஆர்டித் எலுமிச்சை கேக்கில் ஒரு துண்டைத் தின்றுவிட்டிருந்தாள். படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். இந்த நஷ்டஈட்டுக்கு வக்கீல்கள் போடுகிற விளம்பரம் டி.வி.யில் வந்தாலே ரோய்ஸ் சேனலை மாற்றிவிடுவான், படையைக் குறை சொன்னால் அவனுக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே, அடுத்த பக்கத்தில் இருந்த நோய்ப் பட்டியலுக்குப் போனாள். சிறுநீரகம். ஈரல். ரத்தம்.

விரல் ஒரு வரியில் நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். கருச்சிதைவு என்று இருந்தது.

வெயில் அவள் கைமேல் விழுந்துகொண்டிருந்தது. மறைக்க அந்த வீட்டில் ஒன்றுமில்லை.

"நெல்டா" என்றாள் ஆர்டித். "அப்ப, திரைச்சீலை மாட்டினதால இல்லையா?"

அம்மா எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் பையைத் திறந்து, வெண்டலுக்கென்று வாங்கியதில் மிச்சமிருந்த வெற்று மனு ஒன்றைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில், மேலே, கடைசித் தேதி அச்சிட்டிருந்தது. ஆர்டித்துக்கும் அதே சனிக்கிழமை ஐந்து மணிதான்.